காது வைத்துக் கேட்ட வயிறு

மத்தியானச் சோற்றை முடித்துவிட்டுத் தகரக் கூரைக்குக் கீழே நார்க்கட்டிலில் மல்லாந்து படுத்த தவசி, குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் டம்ளரை வழக்கம்போல வயிற்றின் மேல் நிறுத்தி, அந்தக் குளிர்ச்சியில் கண்ணை மூடப் போனபோதுதான் டம்ளருக்குள் தண்ணீர் நடுங்குவதைப் பார்த்தார்.

மூச்சை அடக்கினார். நடுக்கம் நிற்கவில்லை. கூரை வெயிலில் காய்ந்து படபடக்கிற சத்தமும், தெருக்கோடியில் மேலூர் பஸ் உறுமிப் போகிற சத்தமும், அடுப்படியில் வெந்த கருவாட்டு வாடையும் எல்லாம் நேற்றைப் போலவே இருக்க, தண்ணீர் மட்டும் நெஞ்சு அடிக்கிற அதே கணக்கில் வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் மதுரை ஆஸ்பத்திரியில் அந்தத் துடிப்பை அடக்கி அனுப்பியிருந்தார்கள். வயிற்றுப் பெரிய ரத்தக்குழாய் சாத்துக்குடி கனத்துக்கு வீங்கி, கிட்னிக்குக் கிளை பிரிகிற இடத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை. இரண்டு தொடையிடுக்கிலும் சின்னத் துளை போட்டு, கிட்னிக்கு வழி விட்டுத் தைத்த துணிக்குழாயை உள்ளே ஏற்றி விரித்தார்கள். ஆறாம் நாள் தன் காலாலேயே நடந்து மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினார்.

“வீக்கம் உள்ளயேதான்யா இருக்கும். ரத்தம் குழாய் வழியாப் போகும், அம்புட்டுதான். ஓரமாக் கசிஞ்சா திரும்பப் பெருக்கும், வெடிச்சா ஆள் தங்காது. வலியே இருக்காது, ஸ்கேன்லதான் தெரியும். ஒரு மாசம், ஆறு மாசம், பெறகு வருசாவருசம். தவறவே கூடாது,” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

ஒரு மாத ஸ்கேனுக்குப் போனார். நன்றாக இருந்தது. அதோடு விட்டார். முப்பது வருசம் கல்குவாரியில் சம்மட்டிக் காம்பால் தட்டிக் கேட்டே பாறைக்குள் பழுது இருக்கிறதா இல்லையா என்று சொன்னவர் அவர். தினமும் காலையில் விரலை மடக்கித் தன் வயிற்றைத் தட்டிப் பார்ப்பார். கெட்டிச் சத்தம். நல்ல கல் என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார்.

“தண்ணி ஆடுது பாரு,” என்றார்.

மனைவி முனியாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஆடாம என்ன செய்யும்? மூணு தடவ சோறு வாங்கித் தின்ன வயிறு. ஒரு கீறல் உண்டா ஒன் ஒடம்புல? எறும்பு கடிச்சாப்ல ரெண்டு தழும்பு. அத வச்சுக்கிட்டு வருசம் பூராவும் கட்டில்ல கெடக்குற.”

குவாரியிலிருந்து சாப்பிட வந்த அவள் தம்பி சிவபாண்டி வாசலிலேயே அதைக் கேட்டுவிட்டான். உடம்பெல்லாம் கல்மாவு.

“என்ன மச்சான், வயித்துக்குள்ள மோட்டார் ஓடுதாம்ல?” டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தான். “இரு, காது வச்சுப் பாத்துருவோம். கல்லுக்கு வைக்கிறவன் ஒனக்கு வைக்க மாட்டனா?”

“வைடா மாப்ள,” என்றார் தவசி. சிரிக்கப் பார்த்தார்.

குவாரியில் அதற்கு ஒரு முறை உண்டு. பாறையில் கோடு பிடித்துக் குழி போட்டு, குழிக்கு ஒரு ஆப்பாகச் செருகி, வரிசையாக அடித்துவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒருவன் மட்டும் கல்லில் காது வைப்பான். உள்ளே விரிசல் ஓடத் தொடங்கினால் கையைத் தூக்குவான். தூக்கிவிட்டால் பேசக் கூடாது. கல்லைத் தொடக் கூடாது. பார்த்த கண் பார்த்தபடி பின்னால் நடந்து விலகிவிட வேண்டும். இனி அந்தக் கல்லுக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பன்னிரண்டு வருசம் அங்கே சல்லி சுமந்த முனியாயிக்கும் அது காலில் ஊறிய பழக்கம்.

குனிந்தவன் தாடி வயிற்றில் குத்தியது. காது அழுந்தியது.

“என்னடா கேக்குது? நேத்துத் தின்ன கருவாடா?” என்றாள் முனியாயி.

சிவபாண்டி காதை இன்னும் அழுத்தினான். சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது.

துடிப்பு. துடிப்பு. அதற்கு அடியில் வேறொன்று. மணல் சரிவது போல. தவசிக்கும் அது கேட்டது. எலும்பு வழியாக. முப்பது வருசமாகத் தெரிந்த சத்தம்.

முதுகில் சூடு பரவியது.

மாப்ள, நூத்தியெட்டுக்குப் போடு. சொல்ல நினைத்தார். நாக்கு புரளவில்லை.

சிவபாண்டி மெல்லக் காதை எடுத்தான். கட்டிலில் கை ஊன்றாமல் எழுந்தான்.

கையைத் தூக்கினான்.

முனியாயியின் வாய் மூடிக்கொண்டது. இடுப்பிலிருந்து உருவிய போன் அவள் கையில் இருந்தது. விரல் எண்ணை அழுத்தவில்லை.

ஒரு அடி பின்னால். இன்னொரு அடி. இருவரும். முகம் திருப்பாமல்.

வாசல் தாண்டினார்கள். வெயிலில் நின்றார்கள். தூக்கிய கை இறங்கவில்லை.

இருவரும் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.