கயிற்றில் நடுக்கம் இல்லை

சிலுவை சிரித்துக்கொண்டே தலைக்கவசத்தை மாட்டினான். கயத்தானுக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. முப்பது பாகம், அதாவது நூற்றெண்பது அடி, ஆழத்துக்கு இறங்கப் போகிறவன் சிரிக்க மாட்டான்.

கயத்தானின் கையில் இருந்த கயிற்றின் மறுமுனை சிலுவையின் இடுப்பில் கட்டியிருந்தது. மற்ற நாட்களில் இறங்குவதற்கு முன் அந்தக் கயிறு லேசாக நடுங்கும். பயம்தான். பயம் இருக்கிறவன்தான் கீழே போய்க் கவனமாக இருப்பான். இன்றைக்குக் கயிறு செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது.

மன்னார் வளைகுடாவில் மிதந்த அந்தக் கடல்மேடையில் எல்லாம் இயந்திரம். கடலடிச் சேற்றை உறிஞ்சி உலோகம் பிரிப்பதும் இயந்திரம்தான். உறிஞ்சியில் வலையோ கல்லோ சிக்கினால் மட்டும் ஆள் இறங்க வேண்டும். இறங்குகிறவனுடைய கயிற்றை அவன் மனைவியின் அண்ணன் தம்பிதான் பிடிக்க வேண்டும் என்பது முத்துக் குளித்த காலத்து வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவன் விடுவான்? கம்பெனி இந்த ஒன்றில் மட்டும் கை வைக்கவில்லை. வைத்தால் ஒருத்தனும் இறங்க மாட்டான் என்று அதற்குத் தெரியும்.

“என்ன மாப்ள, இளிப்பு பலமா இருக்கு?” என்றான் கயத்தான்.

“சூப்பர்வைசர் மேடம் சொல்லிட்டாங்க மச்சான். பீஸ் ஆஃப் கேக்!”

“அப்டின்னா?”

“கேக்குத் துண்டு திங்கிற மாதிரி லேசான வேலையாம்.”

“போன வாரம் இதே காத்துக்குழாய் வெடிச்சுத்தான ரொசாரிய நீலம் பாஞ்சு தூக்குனோம்? இன்னும் ஆஸ்பத்திரில கெடக்கான். அந்தக் குழாய்க்கு ஒட்டுப் போட்டு உனக்கு மாட்டியிருக்கு. உனக்குப் பயமா இல்லியாடே?”

சிலுவை கொஞ்ச நேரம் யோசித்தான். தேடிப் பார்க்கிறவன் மாதிரி யோசித்தான். “இல்லியே மச்சான்” என்றான்.

கயத்தான் அவனுடைய காதுக்குப் பின்னால் பார்த்தான். பருப்பு அளவுக்குத் தொடர்மணி என்ற கருவி ஒட்டியிருந்தது. மேடையில் மற்ற அறுபது பேருக்கும் அது உண்டு. கயத்தான் மட்டும் வேண்டாம் என்றவன். சும்மா கொடுக்கிறார்கள் என்றாலே அவன் இரண்டடி பின்னால் போவான்.

தலைமையகம் ஆங்கிலத்தில்தான் பேசும். மொழிபெயர்ப்புப் பெட்டி நேரான பேச்சைச் சரியாகச் சொல்லிவிடும். வெள்ளைக்காரன் நேராகப் பேசினால்தானே? பேய்மழை வருகிறது என்பதற்கு ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பான். ஒருநாள் புயல் எச்சரிக்கையில் எவனோ அப்படிச் சொல்லப்போக, மேடைக்கு நாயும் பூனையும் வருவதாகப் பெட்டி அறிவித்தது. சமையல்காரர் மிச்ச மீனை எடுத்து வைத்தார். அன்றைக்குப் பளுதூக்கி இயந்திரம் ஒன்று கடலுக்குள் போனது. அதற்குப் பிறகுதான் இந்த மணி வந்தது.

மணி மனப்பாடம் செய்யச் சொல்லாது. தூக்கத்தில் ஒரு மரபுத்தொடரைச் சொல்லி, அதற்குரிய உணர்ச்சியை மூளைக்குள் ஏற்றும். திரும்பத் திரும்ப ஏற்றும். பிறகு அந்தத் தொடரைக் கேட்டால் பொருள் தானாக விளங்கும் என்றார்கள். ‘த லாஸ்ட் ஸ்ட்ரா’ பாடம் ஏறிய காலையில் சிலுவை சாப்பாட்டுத் தட்டைக் கடலில் வீசினான்.

“ஒட்டகத்து முதுகுல சுமை ஏத்திட்டே போறாம் மச்சான். கடைசியா ஒரு வைக்கோலு. அம்புட்டுதான், முறிஞ்சிட்டு. இனிப் பொறுக்க முடியாதுன்னு அர்த்தம்” என்று விளக்கமும் சொன்னான்.

“ஒட்டகத்துக்கு முறிஞ்சதுக்கு நீ ஏம்ல தட்டத் தூக்கிப் போட்ட?”

அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது கயத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. பொருளைச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று உள்ளே வேறு எதையோ வைத்திருக்கிறார்கள்.

அவன் கயிற்றைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டான். “நான் விட மாட்டேன். புதுக் குழாய் வரட்டும்.”

வேலை நின்றது. ஆட்கள் கூடினார்கள். கண்காணிப்பாளர் நிரஞ்சனா ஒலிபெருக்கியோடு வந்தார். கோயம்புத்தூர்ப் பெண். அதட்டிப் பேச மாட்டார்.

“என்ன கயத்தான் அண்ணா, பிரச்சினை?”

“சாமான் வைக்கிற கிட்டங்கில புதுக் குழாய் இருக்கு மேடம். அத மாட்டுங்க.”

“மாட்டினா ரெண்டு நாள் வேலை நிக்குமுங்க. தலைமையகம் ஒத்துக்காது.”

கூட்டத்தில் நாலைந்து பேர் முறைத்தார்கள். ரொசாரி பெயரைச் சொல்லி ஒருவன் கத்தினான். நிரஞ்சனா ஒலிபெருக்கியை உயர்த்தினார். “ரொசாரிக்கு நடந்தது நடந்திருச்சு. வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்.”

பாலத்துக்கு அடியில் ஓடிப்போன தண்ணீர். முடிந்தது முடிந்தது என்று பொருள். கத்தினவன் பாதியில் வாயை மூடினான். எல்லார் தோளும் ஒன்றுபோல இறங்கியது. தூக்கத்தில் இருந்து எழுந்த பிள்ளைகள் மாதிரி விழித்தார்கள்.

“விடு மச்சான், முடிஞ்ச கதைதான?” என்றான் சிலுவை. அவனே தூணில் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

கயத்தானுக்கு, சிலுவைக்குக் கட்டிக்கொடுத்த தங்கச்சி பிலோமியின் முகம் கண்ணுக்குள் வந்தது. இவர்களிடம் நியாயம் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவன் ஒலிபெருக்கியைப் பிடுங்கினான். மூன்றாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த இங்கிலீசை வைத்துக் கத்தினான்.

“லாஸ்ட் ஸ்ட்ரா! இது த லாஸ்ட் ஸ்ட்ரா!”

மேடை அதிர்ந்தது. அறுபது பேரும் ஒரே தொண்டையில் கத்தினார்கள். ஒருவன் சுத்தியலால் கம்பித் தடுப்பை அடித்தான். பத்துப் பேர் போய்க் கிட்டங்கிக் கதவை உடைத்தார்கள்.

எல்லாரையும் விட உரக்கக் கத்தியது நிரஞ்சனாதான். “இனிப் பொறுக்க முடியாது!” என்று கையில் இருந்த டேப்லெட்டைத் தரையில் அடித்தார். தலைமுடி கலைந்தபோது காதுக்குப் பின்னால் மணி தெரிந்தது. அவருக்கு மேலே இருக்கிறவனும் எதையாவது சொல்லித்தானே இவரை அனுப்பியிருப்பான்?

மாலைக்குள் புதுக் குழாய் ஏறியது. நிரஞ்சனாவே முன்னால் நின்று மாட்டச் சொன்னார். சத்தம் மெல்ல அடங்கியது. ஆனால் ஒருவரும் வேலைக்குத் திரும்பவில்லை. கயத்தானைச் சுற்றி நின்றார்கள். கோபம் எப்போது முடியும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

“அடுத்து என்னங்கண்ணா?” என்றார் நிரஞ்சனா. குரலில் கேலி இல்லை.

“அடுத்து ஒண்ணுமில்ல. போங்க. அவனவன் புத்தியில தோணுறதச் செய்யுங்க.”

யாரும் நகரவில்லை.

நேராகப் பேசியதை யாரும் காதில் வாங்கவில்லை என்பது கயத்தானுக்குப் புரிந்தது. அவர்கள் எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். இத்தனை வருசத்தில் அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அது நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் அவனை உலுக்கியது.

சிலுவை தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். இடுப்புக் கயிற்றின் முனையைக் கயத்தானின் கையில் கொடுத்தான்.

“குழாய் புதுசு மச்சான். ஆனா கீழ நீரோட்டம் எப்படின்னு தெரியல. நான் பயப்படணுமா, வேண்டாமா? நீயே சொல்லு.”