மங்காத விரல்

வெள்ளிக்கிழமை காலையில் நகம் வெட்ட உட்கார்ந்தபோது, ஜஸ்லாவின் இடது மோதிர விரலில் வெட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பெருநாளுக்கு இட்ட மருதோன்றி மற்ற விரல்களை விட்டு எப்போதோ போய்விட்டது. தோலில் சாயம் வெளுத்தது. நகங்களின் அடியிலிருந்து வெள்ளைப் பிறை எழுந்து சிவப்பை நுனிக்குத் தள்ளியது. இந்த ஒரு விரல் மட்டும் நேற்று இட்டதுபோல் அடிவரை சிவந்து நின்றது. முகர்ந்து பார்த்தாள். அரைத்த பச்சை இலையின் ஈர வாசம்.

"உம்மா, ஒங்கட வெரலுக்கு மட்டும் இன்னம் பெருநாள் முடியல்ல," என்று மகள் அஸ்ரா சிரித்தாள்.

மிளகுச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த கணவன் றினோஸ் எட்டிப் பார்த்தான். "அந்த வெரலுக்கு வயசே போகுதில்ல. குடுத்து வெச்ச வெரல்."

ஜஸ்லா சிரிக்கவில்லை. பலாபத்வலயில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள் அவள். தோலின் மேற்படை ஓயாமல் உதிர்கிறது. கீழே உயிர்க்கலங்கள் பிரிந்து புதுப்படையை மேலே அனுப்புகின்றன. உதிரும் படையோடு சாயமும் போய்விடுகிறது. நகமும் வேரிலே கலம் பிரியப் பிரிய முன்னால் தள்ளப்படுகிறது. சாயம் அப்படியே நிற்கிறதென்றால், அங்கே எதுவும் பிறக்கவில்லை, எதுவும் உதிரவில்லை. அது இளமையல்ல. அதற்கு நேர்மாறு.

பழுதான கலம் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் செத்துப்போக வேண்டும். சில கலங்கள் இரண்டையும் செய்வதில்லை. பிரிவதை நிறுத்தி, சாகவும் மறுத்து, முதுமையோடு அங்கேயே தங்கிவிடும். சும்மாவும் இருக்காது. பக்கத்துக் கலங்களின்மேல் எதையோ கசியவிட்டபடி இருக்கும். அந்தக் கசிவில் நல்ல கலங்களும் களைத்துப் பிரிவதை நிறுத்தும். மூட்டுத் தேய்வதிலும், இரத்தக்குழாய் இறுகுவதிலும், புண் ஆறாமல் கிடப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. இளம் உடம்பில் வெண்குருதிக் கலங்கள் அவற்றைத் தேடிப்பிடித்து அழித்துவிடும். எல்லார் உடம்பிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பவைதான். ஒரு விரல் முழுக்கக் குடியிருந்ததாக அவள் எங்கும் படித்ததில்லை.

மழை தொடங்கியது. பிரதான வீதியில் லொறிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்க, காயாத மிளகின் காரமும் நனைந்த சாக்கின் புழுக்கமும் அறைகளுக்குள் தேங்கி நிற்க, அவற்றையெல்லாம் பிளந்துகொண்டு அந்தப் பச்சை வாசம் அவள் போகுமிடமெல்லாம் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

நடுவிரல் முதலில் போனது. மடக்கினால் உலர்ந்த குச்சி முறிவதுபோல் சத்தம். பிறகு உள்ளங்கைத் தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மணிக்கட்டின் மயிர் நரைத்தது. கிழட்டுக் கையின் நடுவே அந்த விரல் மட்டும் கலியாண வீட்டுக்குப் போவதுபோல் மினுங்கியது.

அஸ்ரா குழந்தையிலிருந்தே அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

"ஏன் உம்மா வெரலத் தரமாட்டீங்க?"

"வேணாம் தங்கம். அது கெட்ட வெரல்."

"எனக்குப் பழகின வெரல் தானே."

ஜஸ்லா கையைத் தலையணைக்குள் ஒளித்துப் படுத்தாள். கண் அயர்ந்து விழிக்கும்போதெல்லாம் பிள்ளையின் சின்னக் கை அந்த விரலைச் சுற்றி இறுகியிருந்தது.

வெட்டிவிடும்படி அவள் நீட்டிய விரலை மாத்தளையில் டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நோய் வருத்தமில்லாத விரலை நான் எப்பிடி டீச்சர் வெட்டுறது? நகத்தில பூஞ்சணம் மட்டும்தான். மருந்து தாறன், பூசுங்கோ."

"பரவுது டொக்டர். வீட்டில பிள்ள ஈக்குது."

"வயசு எல்லாருக்கும்தான் பரவுது," என்று சிரித்தார்.

வீடு திரும்பினாள். வீட்டில் யாருமில்லை. மழை. கூரைத் தகரத்தின் இரைச்சல். பச்சை வாசம். இப்போது சுண்டுவிரலும் மடங்கவில்லை. குசினிக்குப் போனாள். தேங்காய் உடைக்கும் கத்தி. பலகை. உதட்டில் பிஸ்மி.

கத்தி வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னாள். விரலைக் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டு வந்து றினோஸ் வாய்விட்டு அழுதான்.

காயத்தின் கட்டைப் பிரித்த நாளில் மற்ற நகங்களின் அடியில் வெள்ளைப் பிறை எழுந்திருந்தது. நடுவிரல் சத்தமில்லாமல் மடங்கியது. தோல் மெல்ல இறுகத் தொடங்கியிருந்தது. அவள் சரியாகத்தான் கணித்திருந்தாள். ஜஸ்லா நெற்றி நிலத்தில் பட சுஜூதில் விழுந்து, எழ மனமில்லாமல் நெடுநேரம் அழுதாள்.

மறுநாள் பின்னேரம் அஸ்ரா மடியில் தூங்கிப்போனாள். மழை விட்டிருந்தது. தாழ்வாரத்தில் சொட்டும் நீர். பிள்ளையின் தலைமயிரை முகர்ந்தாள். எண்ணெய், வியர்வை.

பிறகு அது.

பச்சை வாசம்.

பிள்ளையின் வலது கை மூடியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளங்கை நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஈரமில்லை. அழுத்தித் தேய்த்தாள். சுருக்கம் போகவில்லை. அதன் கீழே, தடித்த நீல நரம்புகள்.

மணிக்கட்டுவரை. அதற்கு மேலே ஏழு வயதுத் தோல்.

தூக்கத்திலேயே அந்தக் கை மூடிக்கொண்டது. உள்ளே ஒரு விரலுக்கு மட்டும் இடம் விட்டு.

வழி அவளுக்குத் தெரியும். முதுமையடைந்த கலம் தானாகச் சாகாது. அது பரவுமுன், கெட்ட இடத்துக்குச் சற்று மேலே, நல்ல சதையோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டால் நின்றுவிடும்.