மோல்டுக்குள் ஊசி!

"ஐயோ...! ஓனர் போய்ட்டாரு!"

ஆம்பூர் பைபாஸ் ஓரம், ஷூ சோலுக்கு அலுமினிய மோல்டு வார்க்கும் பட்டறை. பிரஸ் மெஷின் அடியில் ரத்தத்தோடு கிடந்தார் முதலாளி இன்பராஜ்.

எஸ்.ஐ. சௌந்தரம் குனிந்து நாடி பார்த்தாள்.

பிணம் கண்ணைத் திறந்தது!

"கையை வுடும்மா... வலிக்குது!"

நெற்றியில் நாலு தையல். அவ்வளவுதான். புது மோல்டு பிரஸ்ஸில் வெடித்து, ஒரு துண்டு பறந்து வந்து அடித்திருந்தது.

இன்பராஜ் விரலை நீட்டினார்... வார்ப்புக்காரன் சம்பத்தை நோக்கி!

"இவன்தான்! காயலான் கடை சொம்பு, தட்டு எல்லாத்தையும் உருக்கி ஊத்திட்டான். என்னைக் கொல்லப் பார்த்தான்!"

"சத்தியமா இல்ல மேடம்!" சம்பத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கொலை முயற்சி கேஸ் என்றால் சும்மாவா? வேலூர் ஜெயில்!

"துண்டை லேபுக்கு அனுப்பறேன். உன் மேல தப்பிருந்தா உள்ள தள்ளிடுவேன்!" என்றாள் சௌந்தரம்.

மறுநாள் காலை ரிப்போர்ட்டோடு வந்து இறங்கினாள் ராணிப்பேட்டை லேப் இன்ஜினியர் முபஷ்ஷிரா.

"கலவைல தப்பே இல்ல மேடம். சிலிக்கான் ஏழு பர்சென்ட். கரெக்ட்!"

சம்பத்துக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஆறினதுலதான் கோளாறு! சீக்கிரம் ஆறியிருந்தா சிலிக்கான் பொடிப்பொடியா இருக்கும். இது மெதுவா ஆறியிருக்கு. மைக்ரோஸ்கோப்ல பார்த்தா நீள நீளமா ஊசி! ஊசி வழியே விரிசல் ஓடிடுச்சு."

வந்த மூச்சு போயே போய்விட்டது.

"இன்னாய்யா பண்ணே?" சம்பத் பக்கம் திரும்பினாள் சௌந்தரம்.

"மேடம், அச்சை ஒட்டி இரும்புக் கட்டி வெச்சுட்டுதான் ஊத்தினேன்! அதுதான் சூட்டை இழுத்துக்கும். அப்புறம்தான் டீ குடிக்கப் போனேன்!"

"அப்போ யாரோ பாதியில உருவிட்டாங்க!" என்றாள் முபஷ்ஷிரா.

"இவனேதான்! கொலைகாரப் பாவி!" இன்பராஜ் குதித்தார்.

"பத்து நிமிஷம் கட்டி இல்லேன்னாலே போதும் சார், மோல்டு காலி!" என்றாள் முபஷ்ஷிரா.

"பத்து நிமிஷத்துக்கேவா? நான் எடுத்துனு போய் அரை மணி நேரம்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார் இன்பராஜ்!

சௌந்தரம் மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"எங்க எடுத்துனு போனீங்க?"

"பின்னாடிதான் மேடம்... ஞாயித்துக்கிழமை... பிரியாணிக்குத் தம் போட்டிருந்தேன். தேக்சா மூடி மேல வைக்கத் தணல் கம்மி. கட்டி சுடச்சுட இருந்துச்சு. வெயிட்டும் ஆச்சு, சூடும் ஆச்சுன்னு..."

ரிப்போர்ட்டை மடக்கினாள் முபஷ்ஷிரா.

சம்பத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நேராக இன்பராஜ் முன்னால் போய் நின்றான்.

"ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்க, அது கூடப் பரவாயில்ல ஓனர்... ஒரு பிளேட்டு குடுக்கணும்னு தோணுச்சா உங்களுக்கு?"