மக்டலீனின் நீலக் கோட்

மக்டலீன் மண்டபக் கதவைத் திறந்தபோது காலை ஒன்பது மணி. உள்ளே அவர் ஓரடிகூட வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே அலறினார்.

உப்புப் பரப்பிய தரைக்கு மேலே, மண்டபத்தின் அந்தக் கோடியில், ஒரு நீலக் கோட் தொங்கியிருக்க வேண்டும். வெறும் கொளுவிதான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆக்கர் ஆற்றங்கரையில் பழைய தொழிற்சாலை ஒன்றைக் கலைக்கூடமாக்கியிருந்தார்கள். அன்று மாலை அங்கே மக்டலீனின் கண்காட்சி திறப்புவிழா. அரைமணி நேரத்தில் பொலிஸ் புலனாய்வாளர் ராகவி வந்து சேர்ந்தாள், கூடவே அவளுடைய மேலதிகாரி ஸ்டைனார். தமிழர் பெயர் அடிபடும் வழக்கு எதுவென்றாலும் ராகவியைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளுக்கு ஒஸ்லோவில் இருக்கும் தமிழர் எல்லோரையும் தெரியும் என்று பொலிசாருக்கு ஒரு நினைப்பு. தொலைந்தது பிரெஞ்சுக்காரியின் கோட். இருந்தாலும் எடுத்தவன் தமிழன்தான் என்று அவள் வருவதற்கு முன்பே முடிவு கட்டிவிட்டார்கள்.

மக்டலீன் பிரெஞ்சு மட்டுமே பேசினார். அதைத் தமிழாக்கியவர் சத்தியபாமா. பாரிஸில் சில வருடங்கள் இருந்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர். கண்காட்சிக்கு அவர்தான் தொல்க், மொழிபெயர்ப்பாளர்.

"கோட் ஆற்றையாம் அக்கா?"

"தாயின்ரையாம். லியோன் எண்ட ஊரிலை ஒருநாள் தாய் கடைக்குப் போனவவாம். கோட்டைப் போடாமல் போயிட்டாவாம். பிறகு வரவேயில்லையாம். அப்ப இவவுக்கு ஒன்பது வயசு."

சத்தியபாமா நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொன்னார். மக்டலீன் விம்மும்போது அது முடியும்வரை காத்திருந்து, மிச்சத்தையும் விடாமல் சொன்னார். அந்தக் கோட் இல்லாமல் தான் ஒரு கண்காட்சியும் வைத்ததில்லை, இனி வைக்கவும் முடியாது, தன் முப்பது வருட வேலையும் அதைச் சுற்றித்தான் என்றார் மக்டலீன்.

ராகவி மண்டபத்தை எட்டிப் பார்த்தாள். தரை முழுவதும் தூள் உப்பு. உப்பின்மேல் சேட்டுகள், சாரங்கள், காற்சட்டைகள் ஆட்கள் படுத்திருப்பதைப் போல நெருக்க நெருக்கமாக விரிந்து கிடந்தன. இலங்கையில் காணாமல்போன பிள்ளைகளின் உடுப்புகள். ஒஸ்லோவிலுள்ள குடும்பங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தவற்றை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்தவரும் சத்தியபாமாதான்.

"நீங்களும் குடுத்தனீங்களோ?"

"ஓம். அந்த வெள்ளைப் பள்ளிக்கூடச் சேட் என்ரை தம்பியின்ரை. தொண்ணூற்றாறிலை ஆமிக்காரர் மறிக்கிற சென்றியிலை பஸ்ஸாலை இறக்கினவங்கள், பிறகு ஆளைக் காணேல்லை. அடுத்த நாளைக்கெண்டு அயன் பண்ணி வச்ச சேட் அது."

இரவில் மண்டபத்தைப் பூட்டும்போது மக்டலீன் நீண்ட மரக்கட்டையால் உப்பை மட்டமாக்கிக்கொண்டே பின்புறமாக நடந்து வெளியேறுவார். அது அவர் வழக்கம். அதனால் இப்போது உப்பில் ஒரே ஒருவரின் தடம்தான் இருந்தது, போனதும் வந்ததும். ஆனால் தடத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. உள்ளே போகும் எல்லோரும் வாசலில் இருக்கும் ஒரே அளவான கம்பளிச் செருப்பைத்தான் மாட்ட வேண்டும். கதவின் இலக்கமும் கண்காட்சிக்கு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

"அவசரக்காரன்," என்றார் ஸ்டைனார். "நேராக உடுப்புகளைத் தாண்டிப் போயிருக்கிறான். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் வளைகிறது. தடுமாறியிருப்பான்."

ராகவி குனிந்து வாசலோரம் கிடந்த சேட்டின் கழுத்தைப் பார்த்தாள். லேபலை வெட்டி எடுத்திருந்தார்கள். அடுத்ததிலும் அப்படித்தான். கைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது, நடுவில் கிடந்த வெள்ளைச் சேட்டின் கழுத்தில் மட்டும் வெட்டிய அடையாளம் இல்லை. அது தையற்காரர் தைத்த சேட், லேபலே இருந்ததில்லை.

"ஆரிலையும் சந்தேகமோ எண்டு கேளுங்கோ அக்கா."

மக்டலீன் யோசிக்கவே இல்லை. நேற்று வந்து கத்திய கிழவர் என்றார்.

கலைக்கூட ஊழியர்கள் தொலைபேசியிலேயே அதைச் சொல்லியிருந்ததால், கிழவரை ஸ்டைனார் ஏற்கெனவே ஆளனுப்பிப் பிடித்து வரச்செய்திருந்தார். அருளானந்தன். நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் குடியேறியவர். பெட்டிகள் தூக்கி உதவியதால் கதவிலக்கம் அவருக்கும் தெரியும். இரண்டு பொலிசாருக்கு நடுவில் வந்து நின்றவரிடம் ராகவி நெருங்கிப் போனாள்.

"நேற்று என்ன சொல்லிக் கத்தினீங்கள் அங்கிள்?"

"என்ரை பிள்ளை செத்துப்போகேல்லை, பிரேதம் மாதிரிக் கிடத்தாதேங்கோ எண்டனான். நாளைக்கு வந்து அள்ளிக்கொண்டு போவன் எண்டும் சொன்னனான். பொய் சொல்லேல்லை."

"கோட்டை எடுத்தீங்களோ?"

"எனக்கேன் பிள்ளை அந்த மனிசியின்ரை கோட்? என்ரை மகன்ரை மஞ்சள் சேட்டைத் தாருங்கோ, நான் போறன்."

"உள்ளை போய்க் காட்டுங்கோ, எது எண்டு."

ஸ்டைனார் முகத்தைச் சுளித்தார், ஆனால் தடுக்கவில்லை. அருளானந்தன் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு உப்பில் இறங்கினார். ஒரு சேட்டையும் அவர் தாண்டவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி, ஆள் படுத்திருக்கும் அறைக்குள் நடப்பதுபோல நடந்தார். படுத்திருப்பவரைத் தாண்டிக் கடக்கக் கூடாதென்று எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். பின்னால் போன ராகவியின் கால்களும் தாமாகவே சுற்றித்தான் போயின. அதைக் கவனித்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அருளானந்தன் கோடிவரை போய்த் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது.

"இஞ்சை இல்லைப் பிள்ளை. மஞ்சளாக் கிடக்கிறது ஒண்டும் அவன்ரை இல்லை."

"போதும், கூட்டிக்கொண்டு போங்கள்," என்றார் ஸ்டைனார்.

"கொஞ்சம் பொறுங்கள்," என்று நோர்வேஜிய மொழியிலேயே சொன்னாள் ராகவி. "அந்தத் தடத்தை இன்னொருமுறை பாருங்கள். இவர் போயிருந்தால் எல்லா உடுப்பையும் சுற்றியிருப்பார். இப்போதுதான் கண்ணால் கண்டோம். தமிழர் அல்லாத யாராவது போயிருந்தால் எல்லாவற்றையும் தாண்டியிருப்பார். மக்டலீன் போயிருந்தாலும் அப்படித்தான். ஆனால் எடுத்த ஆள் எல்லாவற்றையும் தாண்டிவிட்டு, ஒன்றை மட்டும் சுற்றியிருக்கிறார். போகும்போதும் சுற்றினார், வரும்போதும் அதே இடத்தில் சுற்றினார். தடுமாறுகிறவன் இரண்டு தடவையும் ஒரே இடத்திலா தடுமாறுவான்?"

ஸ்டைனார் திரும்பித் தடத்தைப் பார்த்தார்.

"மற்ற உடுப்புகள் காணாமல்போனவர்களுடையவை அல்ல, இவர் மகனின் சேட்கூட இங்கே இல்லை. பழைய துணிக்கடையில் வாங்கி, நோர்வே லேபல் தெரிந்துவிடக் கூடாதென்று வெட்டியிருக்கிறார்கள். அவை வெறும் துணி என்பது எடுத்தவருக்குத் தெரியும். அதனால்தான் தாண்ட முடிந்தது. வளைவது வெள்ளைச் சேட்டுக்குப் பக்கத்தில். இந்த மண்டபத்தில் உண்மையான உடுப்பு அது ஒன்றுதான்."

பிறகு தமிழுக்கு மாறினாள். குரல் இறங்கிவிட்டது.

"தம்பியைக் கடக்க உங்களுக்குக் கால் வரேல்லை, என்ன அக்கா?"

சத்தியபாமா மறுக்கவில்லை. தோளில் தொங்கிய பையைக் கழற்றி வாசலோரம் வைத்தார்.

"இவ மற்ற எல்லாருடைய உடுப்பையும் விறைப்பாக்க எண்டு பிளாஸ்டரிலை தோய்ச்சுப் பாத்தவ ராகவி. சரிவரேல்லையாம். நிறம் மங்கிப்போச்சாம், வெளிச்சத்திலை எடுபடேல்லையாம். பின்னாலை வேலை செய்யிற அறையிலை குப்பைத் தொட்டிக்குள்ளை கல்லுமாதிரிக் கிடந்துது. கேட்டனான். பாக்க வாற ஆக்களுக்கு விஷயந்தான் முக்கியம், சேட் இல்லை எண்டா. என்ரை தம்பியின்ரை மட்டும் வெள்ளை, வெளிச்சத்திலை அப்பிடியே எடுபடும் எண்டு தோய்க்காமல் விட்டவ."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால்? உடுப்புக் குடுத்தது நாங்கள், விரும்பிக் குடுத்தது. உங்கடை சட்டத்திலை அதுக்கு என்ன இருக்கு? ஒவ்வொரு வீட்டிலையும் தேத்தண்ணி குடிச்சு, நான் பொறுப்பு எண்டு வாங்கினது இந்தக் கைதான்."

"கோட் எங்கை?"

"பின்னாலை, பிளாஸ்டர் வாளிக்குள்ளை. அவ செய்தமாதிரியே செய்தனான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

ராகவி அதை மொழிபெயர்த்ததும் ஸ்டைனார் பின்னறைக்கு ஓடினார். இரண்டு கைகளாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். இறுகிப்போன வெள்ளைக் கட்டியிலிருந்து நீலத் துணியின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மக்டலீன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செய்திட்டு ஏன் அக்கா வேலைக்கு வந்தனீங்கள்? வராமல் விட்டிருக்கலாமே."

"வராட்டி அவ அழுறதை ஆர் பாக்கிறது? காலமை துவங்கி அவ சொன்ன ஒவ்வொரு சொல்லையும் என்ரை வாயாலை சொன்னனான். ஒண்டையும் விடேல்லை. எனக்கு அது தேவையாயிருந்துது. பிடிபட்டதுக்குக் கவலை இல்லை. அங்கிளைப் பிடிப்பியள் எண்டு மட்டும் நான் நினைக்கேல்லை. கொண்டுபோயிருந்தால் நானே சொல்லியிருப்பன்."

அருளானந்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

"என்ரை மகன்ரையும் அந்தக் குப்பைக்குள்ளையோ?"

"ஓம் அங்கிள். என்னை மன்னியுங்கோ."

"அவன் வந்து சேட் எங்கையெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

ஸ்டைனார் அருளானந்தனின் பக்கத்தில் நின்ற பொலிசாரை விலகச் சொன்னார். மக்டலீன் வாளியைக் கட்டிப்பிடித்தபடி சத்தியபாமாவை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னார். பழக்கதோஷம், மொழிபெயர்க்க அவருக்கு வேறு ஆளும் இல்லை.

"என்னவாம்?" என்று கேட்டார் அருளானந்தன்.

"தாயின்ரை எண்டு தன்னட்டை இருந்தது அது ஒண்டுதானாம்."

"எங்களட்டையும் அது ஒண்டுதான் இருந்தது எண்டு சொல்லு பிள்ளை."

சத்தியபாமா அதைப் பிரெஞ்சில் சொன்னார். அவசரப்படாமல், ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். மக்டலீன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ராகவியிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.