விதைகள் திரும்பிய பக்கம்

வெறும் தண்ணீர் மட்டும் இருந்த சோதனைக்குழாய்க்கும் திரையில் கோடு விழுந்திருந்தது.

இக்லாஸ் குனிந்து பார்த்தாள். வத் மதனி நகர ஆய்வுக்கூடத்துக்கு வெளியே புழுதிக்காற்று எழும்பி, பகலிலேயே சன்னலை இஞ்சிக்காப்பி நிறத்துக்கு மாற்றியிருந்தது. சன்னல் சட்டத்தின் இடுக்குகளில் மணல் உரசும் ஓசைக்கு நடுவே எங்கிருந்தோ ஈரவேரின் வாடை வந்துகொண்டிருந்தது. சோளத்தின் வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் களை, புதா. அதற்குள் ஓரிடத்தில் நில்லாமல் தாவித் திரியும் மரபணு ஒன்றைத்தான் அவள் மாதக்கணக்கில் துரத்திவந்தாள். அது இருந்தால்தான் அந்தக் கோடு விழும். தண்ணீரில் அது எப்படி வந்தது?

பக்கத்து மேசை பாபிக்ர் மேல்தான் சந்தேகம். இந்த ஆய்வு தனக்கு வந்திருக்க வேண்டியது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன். கதவைத் தாழிட்டு, புதுத் தண்ணீர்ப் புட்டியைத் தானே திறந்து, மறுபடி சோதித்தாள். கோடு முன்னைவிடத் தடிப்பாக விழுந்தது.

நேரே போய்க் கேட்டுவிட்டாள். அவன் கோபப்படவில்லை. அதுவே அவளை உறுத்தியது.

“உன் மேசைய நான் எதுக்கும்மா தொடப்போறேன்? நீ தொட்டதுலதான கோடு வருது. கன்னத்துக்குள்ள குச்சியத் தேய்ச்சு உன்னையே சோதிச்சுப் பாரேன்.”

கிண்டலாகத்தான் சொன்னான். அவள் விடவில்லை. அவனை எதிரே உட்காரவைத்து இருவர் எச்சிலையும் சோதித்தாள். குழாய்களை அவனே நிரப்பினான். அவனுடையதில் ஒன்றுமில்லை. அவளுடையது திரையில் பளீரென்று எரிந்தது, களையினுடையதைவிட.

பாபிக்ர் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“விதை அறையில கையுறை போட்டுத்தான வேலை செஞ்ச?”

எழுந்து அந்த அறைக்குப் போனாள். புதா விதைகள் தூசுபோல நுண்ணியவை. பக்கத்தில் சோளவேர் கசிந்தால்தான் முளைக்கும், இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் உறங்கும். அங்கே வேர் எதுவும் இல்லை. கண்ணாடித் தட்டில் ஈரத்தாளும் விதையும் மட்டும்தான்.

விளக்கைப் போட்டாள்.

எல்லாம் முளைத்திருந்தன. வெள்ளை இழைகள். அத்தனையும் கதவுப் பக்கம், அவள் நின்ற பக்கம்.

இடப்புறச் சுவரோரம் நகர்ந்தாள். மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். இழைகளின் நுனிகள் திரும்பின. மெதுவாக. எல்லாம் ஒன்றாக.

வலப்புறம் போனாள்.

திரும்பின.

“பாபிக்ர்...”

வெளியே கதவின் தாழ் விழுந்தது. காலடிகள் விலகி ஓடின.

தட்டின் விளிம்பைத் தாண்டி இழைகள் மேசையில் வழிந்தன. தடுக்கக் கையை நீட்டினாள். வலிக்கவில்லை. அவளுடைய ஒவ்வொரு நகத்தடியிலிருந்தும் ஈரமான வெள்ளை வேர் நீண்டு, அவற்றை நோக்கி வளைந்துகொண்டிருந்தது.