மூன்று மணிக் கட்டம்

மழை பெய்திருந்தால் அளவை எழுத வேண்டும். பெய்யவில்லை என்றால் சைபர் போட வேண்டும். கருவி கெட்டுப்போயிருந்தால் ஒரு கோடாவது கிழிக்க வேண்டும். தீவு நிலையத்திலிருந்து வந்த பதிவேட்டில் பிற்பகல் மூன்று மணிக்கான கட்டம் இது எதுவும் இல்லாமல் வெறும் தாளாகக் கிடந்தது. ஒரே மாதத்தில் பதினொரு நாள். காலை அளவு இருந்தது, நண்பகல் இருந்தது, மாலை ஆறு மணி இருந்தது. நடுவில் மட்டும் பல் விழுந்த வாய் போல ஓட்டை.

வானிலை தலைமை அலுவலகத்தின் சரிபார்ப்புப் பிரிவில் இருபத்தாறு வருடமாக இப்படிப்பட்ட ஓட்டைகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனிதர்கள் மீதே ஓர் இளக்காரம் வந்திருந்தது. அதிலும் கடலோரத்துக்காரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருவனுக்கு மாமியார் மூன்று முறை இறந்திருக்கிறாள். இன்னொருவன் வெயில் அதிகம் என்பதால் வெயிலை அளக்கப் போகவில்லை என்று கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறான். நாற்பது அடி நடந்து, ஒரு வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் வெப்பமானியைப் பார்த்து ஓர் எண்ணை எழுத வேண்டும். அதற்குக்கூட வக்கில்லாத கூட்டம்.

"மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று எதிர் மேஜை குமாஸ்தா ஒரு நீளமான தாளைக் கொண்டுவந்து விரித்தார். தீவு நிலையத்தின் காற்றழுத்தக் கருவி தானாகக் கோடு போடும் தாள் அது. உருளை சுற்றச் சுற்ற ஒரு பேனா முள் வரைந்துகொண்டே போகும். அந்தப் பதினொரு நாளும் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் கோடு அறுந்திருந்தது. மூன்றேகாலுக்கு மறுபடி தொடங்கியது.

"ஆளுதான் சோம்பேறி, ஒத்துக்கறேன். மெஷினுக்கு என்ன மேடம் சோம்பேறித்தனம்?"

"பக்கத்துல ஒரு சோம்பேறி உக்காந்தா மெஷினுக்கும் ஒட்டிக்கும். முள்ளத் தூக்கி விட்டிருப்பான். மாட்டிக்கக் கூடாதுன்னு."

குமாஸ்தா விடவில்லை. கடற்கரை நெடுக உள்ள மற்ற ஆறு நிலையங்களின் பதிவேடுகளையும் அடுக்கினார். அதே பதினொரு நாள், அதே மூன்று மணி, அதே வெறும் கட்டம். உள் மாவட்ட நிலையம் ஒன்றில்கூட இல்லை. அவள் உதட்டைச் சுழித்தாள். போனில் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் மட்டம் போடுகிறார்கள், இதில் என்ன மர்மம் இருக்கிறது? இந்த ஆறில் சேராத, கடற்கரைக் கோடியில் இருக்கும் முனை நிலையத்துக்காரர் ஒருவர்தான் யோக்கியர். இரண்டு வருடமாக ஒரு கட்டம் விட்டதில்லை. எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். அவருடைய பக்கம் ஒன்றை நகலெடுத்து அவளே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தாள்.

தீவு நிலையத்துக்காரன் யார் என்பதை மட்டும் குமாஸ்தா சொல்லவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய தம்பி. வீட்டில் சின்னவன். இரண்டு படிப்பைப் பாதியில் விட்டான், மூன்று வேலையைப் பாதியில் விட்டான். அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே வர தைரியம் இல்லாமல் கதவுக்கு வெளியே நின்று அழுதான். அம்மா கெஞ்சியதால் அவள் இயக்குநரிடம் பல்லைக் காட்டி இந்த வேலையை வாங்கிக்கொடுத்தாள். ஆளில்லாத தீவு, தினமும் நாலு எண். இதிலும் ஓட்டை.

"நீங்களே ஒருதரம் போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றார் இயக்குநர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அந்தச் சிரிப்பு அவளை மறுநாள் காலைப் படகில் ஏற்றியது.

தீவு என்று சொல்வதே அதிகம். காய்ந்த புல் முளைத்த ஒரு பாறை, அதன் மேல் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே சரளைக்கல் கொட்டிய ஒரு முற்றம். முற்றத்தின் கோடியில் நாலு கால் வைத்த வெள்ளைப் பெட்டி. படகுக்காரர் அவளை மறுபக்கத் துறையில் இறக்கிவிட்டு, ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, கயிற்றைக் கட்டக்கூட நிற்காமல் திரும்பிப் போனார்.

சின்னவன் இளைத்திருந்தான். கடலைப் பார்த்த ஜன்னல்களில் எல்லாம் கம்பளியை ஆணியடித்து மூடியிருந்தான். வீட்டுக்குள் ஈரத்துணி வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்து புழுங்கியது. காற்றழுத்தக் கருவியின் உருளை மட்டும் மேஜைமேல் டிக் டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டியாக்கா?"

"நான் விருந்துக்கு வரல. மூணு மணிக்கு நீ என்ன பண்றேன்னு பாக்க வந்தேன்."

அவன் உட்கார்ந்தான். கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டான், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகும்போது உட்காருவானே, அப்படி. "எல்லா நாளும் இல்லக்கா. சில நாள். கடல் சத்தம் நின்னுடும். நின்னா பெட்டிகிட்ட ஒரு ஆளு நிப்பான்."

"யாரு?"

"முதுகு மட்டும்தான் தெரியும். குனிஞ்சு பெட்டிக்குள்ள பாத்துக்கிட்டே இருப்பான். மொத தடவ யாரோ மீன் பிடிக்க வந்தவன்னு நெனச்சேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா..." அவன் தன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். "போன தடவ இதே நீலச் சட்ட போட்டிருந்தான். முடிகூட எனக்கு இருக்கற மாதிரியே."

அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு. "கண்ணாடி பாத்து பயந்த கொழந்த மாதிரி பேசற."

"மத்தவங்களும் பாத்திருக்காங்கக்கா. அதான் யாரும் போறதில்ல. முனை ஸ்டேஷன்காரர் மட்டும் ஒரு நாள் போனாரு."

"போயி? செத்தா போயிட்டாரு? இருக்கறதுலயே உருப்படியான ஆளு அவர்தான்."

"ஆமா. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட விடல" என்றான் அவன். "அவரு சம்சாரம் ஒரே வாரத்துல கெளம்பிப் போயிட்டாங்க. ஏன்னு கேட்டீங்களா யாராவது?"

 அவளுக்கு அந்தப் பேச்சு காது கொடுக்கத் தகுதியானதாகத் தோன்றவில்லை. பதிவேட்டை விரித்து, பேனாவை அதன்மேல் வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டே முக்காலுக்கு வெளியே நல்ல வெயில். கம்பளியின் ஓரங்களில் வெளிச்சம் கத்திபோல உள்ளே விழுந்திருந்தது. அலை பாறையில் அடித்துச் சிதறி, சரளையில் வழிந்து, சலசலவென்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஓட்டின்மேல் ஏதோ பறவை நகத்தால் கீறி நடந்தது. ஓர் ஈ அவள் முழங்கையில் உட்காருவதும் பறப்பதுமாக எரிச்சல் மூட்டியது. சோம்பேறிகள் தூங்குவதற்கென்றே படைத்த பிற்பகல் என்று நினைத்துக்கொண்டாள்.

ஈ முதலில் அடங்கியது. பிறகு ஓட்டின்மேல் நகச் சத்தம். பிறகு அலை ஒன்று பாறையில் அடித்தது, பின்வாங்கியது, அடுத்தது வரவில்லை.

அவள் காத்திருந்தாள். அடுத்தது வரவேண்டும். வரவில்லை.

காதுக்குள் தன் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. பாழுங்கிணற்றின் அடியில் கிடந்த இரும்பின் வாடை, குளிர்ந்த வாடை, கதவின் கீழ் இடுக்கு வழியாகத் தரையோடு ஊர்ந்து வந்தது. மேஜைமேல் உருளை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முள். முள் தாளிலிருந்து ஒரு மயிரிழை மேலே எழும்பி, யாரும் தொடாமல், அப்படியே நின்றது.

"அக்கா" என்றான் சின்னவன், மூச்சுக் குரலில். "இன்னிக்கு வேண்டாம்."

 தன் பயம் அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. இளக்காரத்தை என்ன செய்வது என்று தெரியும்.

"அப்பா சாகறப்பவே உள்ள வராம வெளிய நின்னவன்தானே நீ. உன்கிட்டப் போயி என்ன எதிர்பாக்கறது. ஒரு எண்ணு, ஒரே ஒரு எண்ணு எழுத முடியாத ஜென்மம்."

அவன் அவளைப் பார்த்தான். கோபமாக இல்லை. இதை எப்போது சொல்வாள் என்று வருடக்கணக்கில் காத்திருந்தவன் போல. எழுந்தான். சின்னக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டான். செருப்பை மாட்டினான். தாழ்ப்பாளை நீக்கி வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

அவள் கம்பளியை விலக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். இரண்டு அடி தூரம்.

சரளையில் செருப்புச் சத்தம். பத்து அடி. இருபது. முப்பதில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மெதுவாகப் பத்து. பெட்டியின் கொக்கி கிளிக் என்றது.

"இருபத்தெட்டு புள்ளி நாலு" என்று சின்னவனின் குரல் கேட்டது.

உடனே, அதே குரலில், அவன் பக்கத்திலிருந்து: "இருபத்தெட்டு புள்ளி நாலு."

பிறகு ஒருவருடைய நடை. ஒருவர் மட்டும். செருப்பில்லாத கால்.

கதவு திறந்ததும் கடல் ஓவென்று திரும்பி வந்தது. அவன் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டான். நேராக மேஜைக்குப் போய் உட்கார்ந்து எழுதினான். முள் தாளில் இறங்கிக் கோட்டைத் தொடர்ந்தது. அவளுக்குப் போன உயிர் வந்தது. கூடவே நாக்கும் வந்தது.

"பாத்தியா? ஒரு நிமிஷ வேலை. இதுக்கா கம்பளி, கதை எல்லாம்?"

"மன்னிக்கணும் மேடம்" என்றான் அவன். "இனிமே விட்டுப்போகாது."

"என்னடா மேடம்?"

அவன் நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்தான். சின்னவனின் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். தாளில் இப்போது விழுந்த எண்கள் ஒவ்வொன்றும் அளவெடுத்து நிறுத்தியது போல நின்றன. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவன் பக்கத்தைப் பின்னால் புரட்டினான். இந்த மாதம் விட்டுப்போன மூன்று மணிக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்கினான். தயக்கமே இல்லை.

"எதப் பாத்து எழுதற?"

"அங்க இருந்து பாத்ததுதான் மேடம்."

"சின்னவனே. இங்க பாரு. அம்மா கேட்டா நான் என்ன சொல்றது?"

"எது சரியோ அத நீங்களே சொல்லிடுங்க மேடம்." குரல் மரியாதையாக இருந்தது. அவன் பாதம் மேஜைக்கடியில் தெரிந்தது. நாற்பது அடி சரளையில் நடந்து வந்த கால். ஒரு துகள் மண் இல்லை.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகு ஜன்னலில் இடித்தது. கை தானாகக் கம்பளியைப் பற்றியது. ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது.

வெயில். முற்றம். வெள்ளைப் பெட்டி.

பெட்டியின் பக்கத்தில் சின்னவன் நின்றிருந்தான்.

நீலச் சட்டை. காலில் செருப்பு. உடம்பு பெட்டியை நோக்கிக் குனிந்திருந்தது, தலை மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வாய் அசைந்தது. பெரிதாக, கழுத்து நரம்பு புடைக்க. சத்தம் வரவில்லை. அலைச் சத்தம் கேட்டது, பறவை கேட்டது, அவன் மட்டும் கேட்கவில்லை.

பின்னால் பேனா கீறும் சத்தம். வெளியே அந்த வாய் அசையும்போது கீறியது. நிற்கும்போது நின்றது.

அவள் திரும்பித் தாளைப் பார்த்தாள். அன்றைய தேதிக்கு நேரே, குறிப்புகளுக்கான பத்தியில், அழகான கையெழுத்தில் ஈரம் காயாமல்:

28.4. 28.4. அக்கா. 28.4. அக்கா கதவத் தொற. அக்கா.

கதவருகே எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. விரல் தாழ்ப்பாளில் இருந்தது. இரும்பு குளிர்ந்தது.

"தொறக்கலாம் மேடம்" என்றது பின்னாலிருந்து குரல், தலையை நிமிர்த்தாமலேயே. "ஒருத்தர் உள்ள வந்தா ஒருத்தர் அங்க போய் நிக்கணும். ரீடிங் விட்டுப்போகக் கூடாது பாருங்க."

ஜன்னல் வழியே சின்னவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் பரீட்சை முடிவைக் காட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பானே, அப்படி.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. துறைப் பக்கம் படகின் ஊதல் கேட்டது. ஒருமுறை. இன்னொருமுறை.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

வெளியே வாய் மூடிக்கொண்டது. பேனா ஒரு நொடி நின்றது, பிறகு எண்களை மட்டும் எழுதத் தொடங்கியது. முற்றத்தில் கடற்காற்று வீசிப் புல் மொத்தமும் சாய்ந்தது. ஓரமாகத் தொங்கிய கொடிக்கயிறு படபடவென்று அடித்துக்கொண்டது. அதன் நடுவே தலைமுடி ஒன்றுகூட அசையாமல், நீலச் சட்டையின் ஒரு மடிப்பும் கலையாமல், சின்னவன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பெட்டிக்குள் குனிந்தான்.