நீலக் குழாய், சாம்பல் குழாய்

செவ்வாய்க் கிரகத்தில் காலையில் முதல் தம்ளர் மீள்நீரைக் குடிக்கும்போது, அது நேற்று தம் வீட்டுக் கழிப்பறையில் இருந்தது என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. கழிவுநீர்தான் குடிநீர். குழந்தைக்குப் பால் கரைப்பதும் அதில்தான்.

மேலக்கவிகை, கீழக்கவிகை என்று இரண்டு கண்ணாடிக் கூரை ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாக்கடை, தனிச் சுத்திகரிப்பு நிலையம். கீழக்கவிகையில் கழிவை வடிகட்டும் சவ்வுகள் நைந்துபோய், அங்கே ஒரு வருடமாகக் குளியல் கிடையாது. இன்னும் சில மாதங்களில் குடிக்கவும் இருக்காது. இரண்டு ஊர்ச் சாக்கடைகளையும் ஒரே புது நிலையத்தில் சேர்த்தால் எல்லோரும் பிழைக்கலாம் என்றாள் மேலக்கவிகைப் பொறியாளர் செண்பகவல்லி.

மேலக்கவிகை ஊர்ச்சபைத் தலைவர் கிருபாகரன் தலையைச் சொறிந்தார்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அவங்க கழிவை நாம எப்படிக் குடிக்கிறது?"

"நம்ம கழிவைத் தினமும் குடிக்கிறோமே ஐயா."

"அது நம்மளது."

"சவ்வு தாண்டிட்டா வெறும் தண்ணி. யார் வீட்டுதுன்னு அதுக்கே தெரியாது."

"நமக்குத் தெரியுமே."

சாகக் கிடந்த கீழக்கவிகைக்காரர்களாவது இறங்கி வருவார்கள் என்று போனாள். நாக்கு வறண்டு செத்தாலும் மேலக்கவிகைச் சாக்கடை வேண்டாம் என்றார்கள் அவர்கள். பூமியை விட்டுக் கிளம்பியபோது மூட்டைகளுக்கு எடைக் கட்டுப்பாடு இருந்தது. இந்தச் சுபாவத்தை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை போலும்.

கடைசியில் அவள் ஒரு திட்டம் சொன்னாள். நிலையம் ஒன்றாக இருக்கட்டும். வீட்டுக்கு இரண்டு குழாய். நீலத்தில் சொந்த ஊர் நீர், குடிக்க. சாம்பலில் கலந்த நீர், குளிக்க, கழுவ. இரு சபைகளும் ஒரே நாளில் சம்மதித்தன. சுவருக்குப் பின்னால் இரண்டுக்கும் ஒரே பைப்தான் போனது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

திறப்பு விழாவில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்கியது. கீழக்கவிகைக் குழந்தைகள் பீய்ச்சும் நீரில் குதித்துக் கூத்தடித்தார்கள். அவர்கள் தாய்மார்கள் செண்பகவல்லியைக் கும்பிட்டார்கள். ஓர் ஊரையே காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையை அவள் மறைக்கவில்லை.

கிருபாகரன் நீலக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"என்ன இருந்தாலும் நம்ம தண்ணி ருசியே தனி."

கூட்டம் கைதட்டியது. கீழக்கவிகையிலும் அதே நேரம் யாரோ அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கழுத்து நிறைய மாலைகளோடு செண்பகவல்லி வீடு திரும்பினாள். நல்ல தாகம். கைக்கு எட்டிய குழாயில் தம்ளரை நிறைத்து உதட்டருகே கொண்டுபோனவள், அது சாம்பல் குழாய் என்பதைப் பார்த்தாள்.

பைப்பைப் பொருத்தியவளே அவள்தான்; தெரியாதா என்ன? எல்லாம் தெரியும். தம்ளரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, நீலக் குழாயைத் திறந்து வயிறு நிறையக் குடித்தாள்.